கேட்கும் தொலைவில் ஓர் எஞ்சின்

மேசைமேல் மூன்று இருக்கின்றன. மூன்றில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கடையை நடத்தும் நஞ்சப்பன் வெளியே மொட்டைமாடியில், எஞ்சினைப் பூட்டி ஓட்டிக் காட்டும் மரச்சட்டத்தைத் திருகாணி வைத்து முறுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் கூப்பிடும்வரை இந்த நாற்காலியும் இந்த மின்விசிறியும் இந்தக் குழப்பமும் எனக்கே உரியவை. இடப்பக்கம் இருப்பது மின்மோட்டார். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிது, மூன்று கம்பிகள், எங்கும் ஒரு துளி எண்ணெய் இல்லை, புதிதாக வாங்கிய டம்ளரைப் போன்ற சுத்தம். நடுவில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். யாரோ சில மாதங்கள் பறக்கவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. அதன் பக்கவாட்டில் விளக்கெண்ணெய் கருகி, தோசைக்கல்லின் விளிம்பைப்போலப் பழுப்பேறியிருக்கிறது. வலப்பக்கம் ஃபோர் ஸ்ட்ரோக். பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த புதியது. தலையில் இரண்டு சிறிய மூடிகளும் முதுகில் இரண்டு மெல்லிய தண்டுகளுமாக, மற்ற இரண்டையும் அலட்சியமாகப் பார்க்கும் வீட்டு மாப்பிள்ளையைப்போல உட்கார்ந்திருக்கிறது. கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டும் விமானம் அது, டீச்சர், ரிமோட்டில் பறப்பது, எதுவானாலும் பறக்கும் என்று நஞ்சப்பன் எளிதாகச் சொல்லிவிட்டார். பறக்கும் என்பது எனக்கும் தெரியும். பறப்பதற்காக மட்டும் நான் எஞ்சின் வாங்க வரவில்லை. என் கணவர் சென்னியப்பன், பதினோரு மாதமாக மைதானத்துக்கு வராதவர், மறுபடி வர வேண்டும். அதற்கு இந்த மூன்றில் எது உதவும் என்று எந்தப் பெட்டியின்மேலும் அச்சடிக்கவில்லை. அவர் இப்போது இதே கட்டடத்தின் கீழே, டயர்க் கடை வாசலில், கடைக்காரர் எடுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "படி செங்குத்தா இருக்குது, நீயே பாத்து வாங்கிட்டு வா" என்றார். "ஏனுங் டீச்சர், அண்ணன் மேல வரலீங்களா?" என்று நஞ்சப்பன் கேட்டபோது அதையே திருப்பிச் சொன்னேன். "இதே படியில ரெண்டு ரெண்டாத் தாண்டி வந்த ஆளுங்க அவரு" என்றார் நஞ்சப்பன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை, நல்ல மனிதர், கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டக்கென்கிறது. இந்த அறையின் வாசனை எனக்குப் பிடிக்கிறது. எரிபொருளின் விளக்கெண்ணெயும் மெத்தனாலும், மரம் ஒட்டும் பிசினும் கலந்த வாசனை. முப்பத்தைந்து ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் சட்டையில் வீட்டுக்கு வந்த வாசனை. அந்தச் சட்டைகளைத் தனியாக ஊறவைக்கும்போது முணுமுணுத்திருக்கிறேன். இப்போது ஊறவைக்க ஒன்றுமில்லை. அவர் கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். நேர் எதிரே இருப்பது தெரியும். சுற்றிலும் இருப்பது தெரியாது. ஒரு குழாயை வைத்துப் பார்ப்பதைப்போல. செய்தித்தாள் படிக்கிறார், என் முகத்தில் எரிச்சல் இருந்தால் கண்டுபிடித்துவிடுகிறார், ஆனால் பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுகிறார். வானம் குழாய்க்குள் அடங்குவதில்லை. வெள்ளலூருக்கு அப்பால் அவர்கள் விமானம் விடும் பொட்டலில், அன்று, அவருடைய மஞ்சள் விமானம் ஒரு வளைவில் திரும்பியது. திரும்பிய இடத்தில் அவர் பார்வை இல்லை. நான் பக்கத்தில் பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தேன். அவர் முகம் மெல்ல இப்படியும் அப்படியும் போவதைப் பார்த்தேன். தொலைந்துபோன குழந்தையைத் திருவிழாவில் தேடுகிறவர்களின் முகம் அப்படித்தான் போகும். பல் மருத்துவர் ஹபீப் பக்கத்தில் வந்து, "அண்ணா, ஒரு நிமிஷம் குடுங்க, நான் பாக்கறேன்" என்றார். இவர் ரிமோட்டைக் கொடுத்துவிட்டார். ஹபீப் அழகாக இறக்கினார். ஒரு கீறல் இல்லை. எல்லாரும் அவரவர் கருவிப் பெட்டிக்குள் எதையோ தேடத் தொடங்கினார்கள். ஒருவராவது கேலி செய்திருக்கலாம். அந்தக் கூட்டத்தில் ஒருவர் விமானத்தை மரத்தில் ஏற்றினால் ஒரு வாரத்துக்குக் குரங்கு என்றுதான் பெயர். அன்று யாரும் அவருக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. அதுதான் அவரைத் தாக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து விமானத்தைத் துடைத்து, தொட்டியில் மிஞ்சிய எரிபொருளை வடித்து, பீரோவின்மேல் வைத்தார். கோபமில்லை, பெருமூச்சில்லை, ஒன்றுமில்லை. மறு ஞாயிறு நான் பிளாஸ்கைக் கழுவி வைத்தபோது, "எதுக்கு?" என்றார், அவ்வளவே.

இதை நினைத்துக்கொண்டிருக்க நான் வரவில்லை, எஞ்சின் வாங்க வந்தேன். விமானத்தின் பெட்டியில் எஞ்சினின் அளவைத் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள்: டூ ஸ்ட்ரோக் ஆனால் நாற்பத்தாறு, ஃபோர் ஸ்ட்ரோக் ஆனால் ஐம்பத்திரண்டு, மின்மோட்டார் ஆனால் அதற்கு ஈடானது. சிறியது போட்டால் ஏறாது. பெரியது போட்டால் கற்றுக்குட்டியின் கைக்கு அடங்காமல் ஓடும். அளவில் எனக்கு ஐயமே இல்லை. அளவு விதிப்படி அமைந்துவிட்டது. விதிக்குள் அடங்காத இடத்தில்தான் நிற்கிறேன். கற்றுக்குட்டி நான்தான். அறுபத்து மூன்று வயதில் நான் விமானம் விடப்போகிறேன் என்று சொன்ன இரவு அவர் வெகுநாள் கழித்துச் சிரித்தார். "நீயா? எதுத்தாப்புல வர்ற பஸ்ஸுக்கே கை நீட்டத் தெரியாது, பின்னாடி ஓடுவ" என்றார். ஓடுவேன்தான், ஆனால் எந்தப் பேருந்தையும் விட்டதில்லை. மறுநாள் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கச் சொன்னார். எப்போதோ வாங்கி வைத்த பயிற்சி விமானத்தின் மரத்துண்டுகள். பால்சா மரம், எடையே இல்லாதது, நகம் பட்டால் பள்ளம் விழும். அந்த மாலைகளை நினைத்தால் இப்போதும் உள்ளே ஏதோ நிறைகிறது. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, நான் படத்தைப் படித்துச் சொல்ல, அவர் விரலால் தடவிப் பார்த்துப் பொருத்த, நான் பிசின் வைக்க. இறக்கையின் ஒரு விலா எலும்பு மட்டும் இம்மி உயர்ந்திருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவர் விரல் அங்கே போய் நின்றுவிட்டது. "இதைத் தேய்" என்றார். தேய்த்தேன். "இன்னும்" என்றார். தேய்த்தேன். மாணவிகளின் விடைத்தாளில் நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன், அவர்கள் என்னைச் சபித்திருப்பார்கள். நான் அவரைச் சபிக்கவில்லை. இரவு உணவு ஆறிப்போனதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. விமானம் முடிந்தது. வெள்ளை உடல், சிவப்பு இறக்கை, உடலின்மேல் ஏறி உட்கார்ந்த இறக்கை, அது தானே நிமிர்ந்துகொள்ளுமாம். மூக்கு மட்டும் காலி. அப்போதுதான் சொன்னார்: "உனக்கு மின்மோட்டார் போதும். எண்ணெ கிடையாது, அழுக்கு கிடையாது, சத்தமே இருக்காது."

சத்தமே இருக்காது. அவர் சொன்னது சரிதான், எந்தச் சொல்லிலும் பிழையில்லை, எந்தப் பயிற்சியாளரும் எந்தப் புதியவருக்கும் அதையே சொல்வார். ஆனாலும் நான் அன்று இரவு அந்த மூன்று பயன்களையும் வரிசை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எப்படி மாற்றினாலும் கடைசியில் சத்தம் வந்து நின்றது. மின்மோட்டார் விமானம் உயரே போனதும் கொசுவின் அளவுக்குக்கூடக் கேட்காது. பார்க்கிறவர்களுக்கு அது போதும். பொட்டலில் என் பக்கத்தில் அவர் நிற்பார். நான் வானத்தைப் பார்ப்பேன். அவர் என்ன செய்வார்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பழகிய ஆள் ஒருவர் வந்து நலம் விசாரிக்கட்டும் என்று நிற்பார். அதற்கு அவர் வர மாட்டார். மின்மோட்டாரைச் சொன்னது எனக்காக அல்ல, தாம் வராமலிருப்பதற்காக, என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்ததில் தவறும் இருக்கலாம். அவர் எளிமையான மனிதர். நான்தான் இரண்டு வரிச் செய்யுளுக்கு இருபது வரி உரை எழுதிப் பழகியவள். ஆனாலும். எஞ்சின் என்றால் சத்தம் உண்டு. சத்தம் இருந்தால் விமானம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பம்ப்செட் ஆலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர், மோட்டாரின்மேல் ஸ்குரூடிரைவரை வைத்து மறுமுனையைக் காதில் வைத்து, பேரிங் போயிருக்கிறது என்று எழுதியே வேலைக்காலத்தை முடித்தவர். விமானம் எதிரே வரும்போதுதான் எனக்கு அச்சம். போகும்போது இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருக்கின்றன. திரும்பி நம்மை நோக்கி வரும்போது இரண்டும் மாறிவிடுகின்றன. கணினியில் பழகும் விளையாட்டில் நான் நொறுக்கிய விமானங்கள் எல்லாம் வீடு திரும்பும் வழியில் நொறுங்கியவை. எந்தப் பக்கத்து இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ரிமோட்டின் குச்சியைத் தள்ளு, சாயும் பந்தலுக்கு முட்டுக் கொடுப்பதைப்போல, என்று அவர் சொன்னார், நல்ல விதி, விதி மனத்தில் இருக்கிறது, கட்டைவிரலுக்கு இன்னும் இறங்கவில்லை. அதனால் பக்கத்தில் அவர் வேண்டும். பக்கத்தில் அவர் வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் என்றால் நின்றுபோகவும் கூடும். நடுவானில் நின்றால், எனக்கு விமானம் மிதந்துகொண்டிருக்கும். அவருக்கு அது அந்தக் கணமே இல்லாமல் போய்விடும். மின்மோட்டாரின் கம்பியை விரலால் தொடுகிறேன், குளிர்ச்சியாக, நம்பகமாக, ஒரு குற்றமும் சொல்ல முடியாதபடி இருக்கிறது, தள்ளி வைத்துவிடுகிறேன்.

"வாங்க டீச்சர்" என்கிறார் நஞ்சப்பன். மாடியில் வெயில் இன்னும் கடுமையாகவில்லை. "முதல்ல பெரியவரைப் பாத்துருவோம்" என்று ஃபோர் ஸ்ட்ரோக்கைச் சட்டத்தில் பூட்டுகிறார். "கத்துக்கறதுக்கு இது எதுக்குன்னு நான் சொல்லிப்போடுவேன், அப்பறம் என்னயக் கொறை சொல்லக் கூடாது. வால்வு அளவு பாக்கோணும், வெலையும் ஏத்தம்." "குரல் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்" என்கிறேன். "டீச்சர் பேசுனா ரேடியோவுல சேதி கேக்கறாப்புலயே இருக்குதுங்" என்று சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன், எங்கள் வீட்டிலும் இதே பேச்சுத்தான். என் கணவருக்கு நெடுங்காலமாக ஃபோர் ஸ்ட்ரோக்கின்மேல் ஆசை உண்டு. வேறு யாருடையதாவது பறந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார். அதனால்தான் என் திட்டம். திட்டம் என்று சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது. கீழே இருப்பவர் காதில் இந்தக் குரல் விழும், அவர் எழுந்து நிற்பார், பிறகு படியேறுவார், இதுதான் முழுத் திட்டமும். நஞ்சப்பன் ஸ்டார்ட்டரை வைத்து அழுத்துகிறார்; எஞ்சின் இருமி, புகை கக்கி, பற்றிக்கொள்கிறது. ஆகா. அடித்தொண்டையிலிருந்து வரும் குரல், அவசரமில்லாதது, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுவதைப் போன்றது. தூரத்து வயலில் தண்ணீர் இறைக்கும் பழைய டீசல் எஞ்சினைச் சிறிதாக்கி வானத்தில் கட்டிவிட்டால் இப்படி இருக்கும். புது எஞ்சின் என்பதால் எண்ணெயைத் தாராளமாக விட்டு மெதுவாகத்தான் ஓட்ட வேண்டுமாம். அதுவே இன்னும் அழகு. நெஞ்சுக்கூட்டில் மெல்லத் தட்டுகிறது. நான் அவசரமில்லாதவளைப்போலக் கைப்பிடிச் சுவரை நோக்கி நடக்கிறேன், ஒரு காகம் பார்க்கிறது, எட்டிப் பார்க்கிறேன். அவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் டீ கிளாஸ். முகம் சாலைப் பக்கம். டயர்க் கடைக்காரர் ஏதோ சொல்ல, அவர் தலையாட்டுகிறார். கேட்டிருக்கும், இந்தத் தெரு முழுவதும் கேட்டிருக்கும், தலை ஒரு முறைகூட நிமிரவில்லை.

சரி. அவ்வளவுதான். ஒரு மனிதர் ஓர் ஒலியைக் கேட்டால் படியேறுவார் என்று நினைத்தது சிறுபிள்ளைத்தனம். நல்ல ஒலியைக் கேட்டுவிட்டு டீ குடிப்பதும் இன்பந்தானே. ஒருவேளை டீ நன்றாக இருக்கலாம். ஒருவேளை, மூடிய கதவைத் தட்டாதே என்பதை அவர் இப்படித்தான் சொல்கிறாரோ என்னவோ, அப்படியானால் நான் மின்மோட்டாரை வாங்கிக்கொண்டு தனியாகப் போய், ஹபீபிடம் கற்றுக்கொண்டு, மதியம் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும், நன்றாகச் சொல்வேன், சொல்வதுதானே என் தொழில். அவரும் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொண்டு, பிறகு. பிறகு ஒன்றுமில்லை. சுவரின் சிமெண்ட் உள்ளங்கையில் சுடத் தொடங்குகிறது. "பிடிக்கலீங்களா?" என்கிறார் நஞ்சப்பன், எஞ்சினை நிறுத்திவிட்டு. "பிடித்திருக்கிறது" என்கிறேன். "மொகத்துல தெரியலீங்களே. இருங்க, நம்ம நாப்பத்தாறு பாடறதக் கேளுங்க." பழையதைப் பூட்டுகிறார். அது முதல் தொடுதலிலேயே பற்றிக்கொள்கிறது. யாரையும் காக்க வைத்துப் பழக்கமில்லாத எஞ்சின். நஞ்சப்பன் குனிந்து அதன் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியைத் திருகுகிறார். எரிபொருள் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை அந்த ஊசிதான் தீர்மானிக்கிறது. மூட மூடப் புகை குறைகிறது, கரகரப்புப் போகிறது, குரல் மேலே மேலே ஏறி, கடைசியில் ஒரு கத்தியின் விளிம்பைப்போல ஒற்றைக் கோடாக நிற்கிறது. என் காதுக்கு அப்பழுக்கில்லாத ஒலி. ஒரு பிசிறு இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை, மேடையில் முதற்பரிசு வாங்கும் பெண் ஒப்பிப்பதைப்போல. "எப்படிங் டீச்சர்?" என்று நஞ்சப்பன் கத்துகிறார். "மிகச் சரியாக இருக்கிறது" என்று நானும் கத்துகிறேன். அவர் என் காதருகே வந்து, "சரி கெடயாதுங்க. வாங்க வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு இப்படி ஏத்தி வெப்போமுங்க. இப்படியே மேல விட்டா எண்ணெ பத்தாமச் சூடேறி நின்னுபோகும். கொஞ்சம் கரகரன்னு விட்டுத்தான் பறக்கோணும்" என்கிறார். கரகரப்பில்லாத இந்த ஒலி பிழை என்றால், நான் இவ்வளவு நேரம் ரசித்தது பிழையை. முப்பத்தொரு ஆண்டுகள் சிவப்பு மையுடன் இருந்தவளுக்கு இது ஒரு செய்திதான். சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டே, எதையும் எதிர்பார்க்காமல், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி கீழே பார்க்கிறேன்.

நாற்காலி காலியாக இருக்கிறது. டீ கிளாஸ் டயரின்மேல் இருக்கிறது. அவர் நடைபாதையின் நடுவில் நிற்கிறார், முகம் நேராக மேலே, கண்கள் மூடியிருக்கின்றன, ஒரு ஸ்கூட்டர்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார். வலக்கையை உயர்த்தி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைப் பிடித்து இடப்பக்கமாகத் திருப்புகிறார். விடுகிறார். மறுபடி பிடித்துத் திருப்புகிறார். திற என்கிறார். முகத்தில் எரிச்சல், பதினோரு மாதமாக நான் பார்க்காத எரிச்சல், எதிர்வீட்டு மோட்டார் காற்றை இழுத்தால் சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வரும் மனிதரின் எரிச்சல். நல்ல குரல் அவரை எழுப்பவில்லை. அதில் அவருக்கு வேலை இல்லை. அவர் வாய் அசைகிறது. இந்தச் சத்தத்தில் ஒரு சொல்லும் மேலே வரவில்லை. எனக்கு ஒரு பெரிய நிம்மதி, பந்தியில் கடைசி ஆளும் உட்கார்ந்துவிட்டதைப்போல. நஞ்சப்பனும் எட்டிப் பார்க்கிறார். "அட, அண்ணன் தொறக்கச் சொல்றாருங்" என்று குனிந்து ஊசியைப் பிடிக்கிறார். நான் அவர் கையைத் தடுத்துவிடுகிறேன். "வேண்டாம். நிறுத்திவிடுங்கள்." எரிபொருள் குழாயைக் கிள்ளுகிறார், எஞ்சின் ஒரு கணம் இன்னும் உச்சத்துக்குப் போய் அறுந்து நிற்கிறது. திடீரென்று உலகம் அகலமாகிவிடுகிறது. பேருந்து, காகம், கீழே காற்றடிக்கும் கம்ப்ரசர். "இதுவே போதும், கட்டிக் கொடுங்கள், ஊசி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்" என்கிறேன். "என்னங் டீச்சர் இது, இப்படியே விட்டாக் கெட்டுப்போகுமுங்க. அண்ணனே சொல்றாரு." "அவர் சொல்கிறார் அல்லவா" என்கிறேன், "அவரே திறக்கட்டும்." நஞ்சப்பன் என்னைப் பார்க்கிறார், ஊசியைப் பார்க்கிறார், பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொள்கிறார். கீழேயிருந்து குரல் வருகிறது, டயர்க் கடைக்காரரும் காலி நாற்காலியும் தெருவும் கேட்க: "நஞ்சப்பா, ஊசியத் தொறடான்னா நிறுத்திப்போட்டயா? கிறுக்கா. தொடாத, வர்றேன் இரு." பிறகு படியில் செருப்புச் சத்தம், ஒவ்வொரு படியாக, தடவித் தடவி, நடுவில் ஒரு நிறுத்தம், மறுபடியும். நான் இறங்கிப் போய்க் கைகொடுக்கவில்லை. படி முடியும் இடத்தில் நஞ்சப்பனின் எண்ணெய் டப்பா குறுக்கே இருக்கிறது; அதை மட்டும் எடுத்து, சுவரோரமாக, அவர் கால் படாத இடத்தில் வைக்கிறேன்.